ஒரு மொழி, பல வழக்கு: தரவுத்தள ஆணைகளின் மொழிபெயர்ப்பு

முன்னுரை

மொழிபெயர்ப்பு என்றவுடன் வடமொழியினின்றும் ஆங்கிலத்தினின்றும் தமிழுக்கு வந்த நூல்களே நம் நினைவிற்கு வருகின்றன. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலை நால்வகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைத்தார். மூலத்தின் பொருள் பிறழாமல், பெயர்க்கப்படும் மொழியின் மரபிற்கேற்ப அமைத்தலே நல்ல மொழிபெயர்ப்பு என்பது யாவரும் ஒப்பிய கருத்தாகும். மனிதர் பேசும் மொழிகளுக்கே உரியது என்று எண்ணப்பட்ட இப்பணி, இன்று கணிப்பொறித் துறையிலும் நாள்தோறும் நடைபெற்று வருகின்றது.

கல்லூரியின் மதிப்பெண் பட்டியல், வங்கியின் கணக்கேடு, மருத்துவமனையின் நோயாளர் பதிவு, நியாயவிலைக் கடையின் குடும்ப அட்டை விவரம் ஆகிய யாவும் இன்று தரவுத்தளங்களில் இருக்கின்றன. ஒரு நிறுவனம் தான் பயன்படுத்தி வந்த தரவுத்தள மென்பொருளை விட்டு வேறொன்றிற்கு மாறும்போது, பழையதற்காக எழுதப்பெற்ற ஆணைகளைப் புதியதற்கு ஏற்பப் பெயர்த்தாக வேண்டும். அப்பெயர்ப்பில் நேரும் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. மாணவரின் தரவரிசையும், ஊழியரின் ஊதியமும், முதியவரின் உதவித்தொகையும் அதனால் மாறிவிடக்கூடும். இவ்வரிய பணியின் இயல்பைத் தமிழ் இலக்கணம் பயின்றார்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினவல் மொழியின் தோற்றம்

1970ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கர் காட் என்பார் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். தரவுகளை நிரையும் நிரலுமாகிய அட்டவணைகளில் வைத்து, அவற்றிற்கிடையேயுள்ள உறவுகளைக் கணித முறையால் கையாளலாம் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கையை நடைமுறைக்குக் கொணர, அந்நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் 'சீக்வெல்' என்னும் வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தமையால், பின்னர் எஸ்கியூஎல் எனச் சுருங்கியது.

இம்மொழியின் சிறப்பு யாதெனின், 'எவ்வாறு தேட வேண்டும்' என்று சொல்லாமல், 'எது வேண்டும்' என்று மட்டும் சொல்லுதலாகும். 'செலக்ட் பெயர் ஃப்ரம் மாணவர் வேர் மதிப்பெண் > 60' என்னும் ஆணையை நோக்குக. மாணவர் என்னும் அட்டவணையிலிருந்து, மதிப்பெண் 60க்கு மேற்பட்டோரின் பெயரை எடுத்துத் தருக என்பது இதன் பொருள். தேடும் வழியைக் கணிப்பொறியே வகுத்துக்கொள்ளும்.

1979இல் ஆரக்கிள் தரவுத்தளம் விற்பனைக்கு வந்தது. பின்னர் ஐபிஎம் நிறுவனத்தின் டிபி2, சைபேஸ், மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் ஆகியன தோன்றின. 1995இல் மைஎஸ்கியூஎல் வெளிவந்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வில் முளைத்த போஸ்ட்கிரெஸ், 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டில் வந்த எஸ்கியூலைட் இன்று கைப்பேசிகள்தோறும் இருக்கின்றது. இவற்றிற்கெல்லாம் பொதுவான தரநிலையை அமெரிக்கத் தர நிறுவனம் 1986இலும், பன்னாட்டுத் தர நிறுவனம் 1987இலும் வகுத்தன. 1992, 1999, 2003, 2008 எனப் பல ஆண்டுகளில் அது விரிவாக்கப்பட்டது.

ஆயினும், இலக்கணம் எழுதப்படுவதற்கு முன்னரே மொழி வழங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பயனாளர்க்கு வேண்டிய சொற்களைத் தானே படைத்துக்கொண்டது. தரநிலை வந்த பின்னரும் அச்சொற்களைக் கைவிட இயலவில்லை. கைவிட்டால் பழைய ஆணைகள் யாவும் பயனற்றுப்போகும். இவ்வாறாக, செந்தமிழ் ஒன்றாயினும் வட்டார வழக்குகள் பலவாயினமை போல, எஸ்கியூஎல் ஒன்றாயினும் அதன் வழக்குகள் பலவாயின.

ஒரு பொருள் குறித்த பல சொல்

இலக்கண நூலார் திரிசொல்லை இருவகைப்படுத்துவர். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒருவகை. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. தரவுத்தள வழக்குகளின் வேறுபாடும் இவ்விரு கூறுகளில் பெரிதும் அடங்குகின்றது.

முதல்வகை எளிது. அட்டவணையில் முதல் பத்து நிரைகள் மட்டும் வேண்டும் எனின், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகியவற்றில் 'லிமிட் 10' என்று ஆணையின் இறுதியில் எழுதுவர். எஸ்கியூஎல் சர்வரில் 'டாப் 10' என்று தொடக்கத்திலேயே எழுதுவர். 2008ஆம் ஆண்டுத் தரநிலை 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' என்னும் தொடரை வகுத்தது.

ஓரிடத்தில் தரவு இல்லையெனில் அதற்கு ஈடாக வேறொன்றைத் தரும் செயற்கூறு ஆரக்கிளில் 'என்விஎல்' எனப்படும். மைஎஸ்கியூஎல்லில் 'ஐஃப்நல்' எனப்படும். எஸ்கியூஎல் சர்வரில் 'இஸ்நல்' எனப்படும். தரநிலை கூறும் 'கோயலெஸ்' என்னும் செயற்கூறோ இவை அனைத்திலும் உண்டு. எனவே, வட்டாரச் சொல்லை விடுத்துப் பொதுச்சொல்லை ஆள்வோர்க்குப் பெயர்ப்புப் பணி பாதி குறைந்துவிடுகின்றது.

இவ்வகை வேறுபாட்டில் அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் தரவுத்தளம் பிழை என்று கூறி நின்றுவிடும். கூவிச் சொல்லும் பிழை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

பல பொருள் குறித்த ஒரு சொல்

இரண்டாம் வகையே இடர்மிக்கது. 'வெள்ளம்' என்னும் சொல் தமிழில் பெருக்கெடுத்து வரும் நீரைக் குறிக்கும். மலையாளத்தில் குடிக்கும் நீரையும் குறிக்கும். சொல் ஒன்றாக இருப்பதனாலேயே பொருளும் ஒன்று என மயங்க நேரிடுகின்றது. தரவுத்தளங்களிலும் இத்தகைய மயக்கங்கள் பல உள.

முதலாவது, வகுத்தற் குறி. 5ஐ 2ஆல் வகுக்குமாறு ஆணையிட்டால் ஆரக்கிளும் மைஎஸ்கியூஎல்லும் 2.5 என விடை தரும். எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகியன, இரண்டும் முழு எண்களாதலால், 2 என்றே விடை தரும். சராசரி காணும் செயற்கூறிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஐந்து பாடங்களில் 374 மதிப்பெண் பெற்றவரின் சராசரி 74.8, 371 பெற்றவரின் சராசரி 74.2. மதிப்பெண்கள் முழு எண்களாகப் பதியப்பட்டிருப்பின், எஸ்கியூஎல் சர்வர் இருவர்க்கும் 74 என்றே காட்டும். போஸ்ட்கிரெஸ் பின்னத்தையும் காட்டும். உதவித்தொகை ஒருவர்க்கே எனும்போது இவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, நாள்களின் இடைவெளி காணும் 'டேட்டிஃப்' என்னும் செயற்கூறு. மைஎஸ்கியூஎல்லில் பிந்தைய நாளை முதலிலும் முந்தைய நாளைப் பின்னரும் எழுத வேண்டும். விடை நாள்களில் வரும். எஸ்கியூஎல் சர்வரில் அளவையின் பெயரை முதலில் எழுதி, முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். மேலும், ஆண்டு என்னும் அளவையைக் கொடுத்தால், அது நிறைவுற்ற ஆண்டுகளைக் கணக்கிடுவதில்லை. கடந்த ஆண்டு எல்லைகளையே எண்ணுகின்றது. 2006 டிசம்பர் 31இல் பிறந்தவர்க்கு 2024 ஜனவரி 1இல் நிறைவுற்ற அகவை 17. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டிஃபோ 18 என்று கூறும். அகவை வரம்பு பார்த்துச் சேர்க்கும் பணிகளில் இது தகுதியற்றவரைத் தகுதியுடையவர் ஆக்கிவிடும்.

மூன்றாவது, இரட்டைக் குத்துக்கோடு. தரநிலைப்படி இது இரு சொற்களை ஒட்டும் குறியாகும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகியன அவ்வாறே கொள்ளும். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான அமைப்பில் இது 'அல்லது' என்னும் தருக்கப் பொருளைத் தரும். இரு பெயர்களை ஒட்டச் சொன்னால் பெயர் வாராது. 0 என்னும் எண் வரும்.

நான்காவது, மேற்கூறிய 'இஸ்நல்'. எஸ்கியூஎல் சர்வரில் இது இரு உறுப்புகளை ஏற்று ஈட்டு மதிப்பைத் தருகின்றது. மைஎஸ்கியூஎல்லில் ஓர் உறுப்பை மட்டும் ஏற்று, ஆம் எனில் 1 என்றும் இல்லை எனில் 0 என்றும் விடையளிக்கின்றது. பெயர் ஒன்றே, தொழில் வேறு.

சொல்லப்படாத மரபுகள்

ஆணையில் எழுதப்படாமலே, அந்தந்தத் தரவுத்தளத்தின் மரபாக அமைந்த வேறுபாடுகளும் உண்டு. எழுத்தில் இல்லாதவற்றை எழுத்தைப் பார்த்துப் பெயர்க்க இயலாது. ஆதலின் இவை மிகுந்த கவனத்திற்கு உரியன.

அவற்றுள் தலையாயது இன்மை பற்றியது. தேர்வு எழுதாத மாணவரின் மதிப்பெண் பூச்சியமன்று. அங்கு மதிப்பே இல்லை. இவ்வின்மையை 'நல்' என்னும் குறியால் தரவுத்தளம் காட்டும். மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்குமாறு ஆணையிட்டால் இன்மை எங்கே நிற்கும்? எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவற்றில் இறுதியில் நிற்கும். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் முதலில் நிற்கும். ஓர் எழுத்தும் மாற்றாமல் ஆணையை எடுத்துச் சென்றால், தேர்வுக்கே வாராதவர் தரவரிசையின் தலையில் அமர்ந்துவிடுவர். இன்மையை இறுதியில் வைக்குமாறு வெளிப்படையாகச் சொல்லும் தொடரை 2003ஆம் ஆண்டுத் தரநிலை வகுத்துள்ளது. அத்தொடரை ஏலாத தரவுத்தளங்களில் 'கேஸ்' என்னும் கட்டளையால் அதே பயனைப் பெறலாம்.

ஆரக்கிளில் மற்றொரு மரபு உண்டு. எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை அது இன்மையாகவே கொள்கின்றது. பிற தரவுத்தளங்கள் இரண்டையும் வேறாகக் கொள்ளும். தலைப்பெழுத்து இல்லாத ஒருவரின் பெயரைத் தலைப்பெழுத்தோடு ஒட்டும் ஆணையை எண்ணுக. ஆரக்கிள் இன்மையை வெற்றிடமாகக் கருதிப் பெயரை முழுமையாகத் தரும். போஸ்ட்கிரெஸின் ஒட்டுக்குறியும் எஸ்கியூஎல் சர்வரின் கூட்டற்குறியும், ஓர் உறுப்பு இன்மையாயின் முழு விடையையும் இன்மையாக்கிவிடும். சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகும்.

நேரத்தைக் கூறும் 'கரண்ட் டைம்ஸ்டாம்ப்' எல்லாவற்றிலும் உள்ள பொதுச்சொல்லே. ஆயினும் எஸ்கியூலைட் உலகப் பொது நேரத்தையே கூறும். அது இந்திய நேரத்திற்கு ஐந்தரை மணி பின்தங்கியது. விடியற்காலை நான்கு மணிக்கு அளித்த விண்ணப்பம் முந்தைய நாளின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தமிழ் எழுத்தும் தரவுத்தளமும்

தமிழில் தரவுகளைச் சேமிப்போர்க்கு இவ்வேறுபாடுகள் மேலும் நெருக்கமானவை. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று வினவினால், மூன்று என்று பள்ளிச் சிறுவனும் கூறுவான். ஒருங்குறி முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அது சேமிக்கப்படுகின்றது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் கொள்ளும்; ஆகவே மொத்தம் 15 பைட்.

இச்சொல்லின் நீளத்தை 'லெங்த்' என்னும் செயற்கூறால் கேட்டால், மைஎஸ்கியூஎல் பைட்டுகளை எண்ணி 15 என்று கூறும். போஸ்ட்கிரெஸ் குறியீடுகளை எண்ணி 5 என்று கூறும். மைஎஸ்கியூஎல்லிலும் 5 என்னும் விடை வேண்டுமெனில் 'கேர் லெங்த்' என்று எழுத வேண்டும். மூன்று என்னும் தொல்காப்பியர் கணக்கை இரண்டும் கூறுவதில்லை. அதனைப் பெறத் தனியே வழி செய்துகொள்ள வேண்டும்.

பெயர்க்கு 30 இடம் ஒதுக்குகின்றோம் எனக் கொள்வோம். மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் அதை 30 குறியீடு எனக் கொள்ளும். ஆரக்கிள், இயல்பான அமைப்பில், 30 பைட் எனக் கொள்ளும். அதில் தமிழ்க் குறியீடுகள் பத்தே அடங்கும். ஆங்கிலத்தில் இடர்ப்பாடின்றி இயங்கிய அட்டவணை தமிழ்ப் பெயரை ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். எஸ்கியூஎல் சர்வரில் தமிழ்ச் சரத்தின் முன் 'என்' என்னும் ஆங்கில எழுத்தை இட வேண்டும். யூடிஎஃப்-8 வரிசைமுறை அமைக்கப்படாத தரவுத்தளத்தில் அவ்வெழுத்தை விட்டுவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்படும். மாறிய பின் மூலத்தை மீட்க இயலாது.

அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறி எண்வரிசையில் றகரம் லகரத்திற்கு முன்னும், னகரம் பகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் மெய்வரிசையின் இறுதியில் நிற்பன. எண்வரிசையை மட்டும் நோக்கி அடுக்கும் அமைப்பில் பெயர்ப்பட்டியல் நம் அகராதி முறையினின்றும் மாறுபடும். தமிழுக்குரிய வரிசைமுறையைத் தேர்ந்து அமைத்தாலன்றி இக்குறை நீங்காது.

தொடரமைப்பின் மாற்றம்

சொல்லை மாற்றினால் போதாது, தொடரையே மாற்ற வேண்டிய இடங்களும் உள. ஆரக்கிளில் முதல் பத்து மாணவரைப் பெற 'ரோநம்' என்னும் நிரை எண்ணைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அவ்வெண் நிரைகள் வரிசைப்படுத்தப்படுவதற்கு முன்னரே இடப்படுகின்றது. எனவே, ரோநம் பத்திற்கு மேற்படாதிருக்க வேண்டும் என்று கூறி, அதே தொடரில் மதிப்பெண் வரிசையையும் கேட்டால், எவரோ பத்துப் பேரை முதலில் எடுத்து, அப்பத்துப் பேரை மட்டும் வரிசைப்படுத்தித் தரும். முதலில் வரிசைப்படுத்தும் ஆணையை உள்ளே வைத்து, அதன் மீது ரோநம் நிபந்தனையை இடுதலே முறை. 'லிமிட்' என்னும் சொல்லோ வரிசைப்படுத்திய பின்னரே செயற்படும். ரோநம் என்பதை லிமிட் என்று சொல்லுக்குச் சொல் மாற்றினாலும், லிமிட் என்பதை ரோநம் என்று மாற்றினாலும் பொருள் திரியும். 2013இல் வந்த ஆரக்கிள் 12சி பதிப்பு முதல் 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' அங்கும் கிடைக்கின்றது.

தலைவர், அவர்க்குக் கீழுள்ளோர், அவர்க்கும் கீழுள்ளோர் எனக் கிளைத்துச் செல்லும் உறவுகளைக் காட்ட ஆரக்கிளில் 'கனெக்ட் பை' என்னும் தொடர் உண்டு. போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும், தன்னைத் தானே மீண்டும் அழைக்கும் 'வித்' தொடராக இதனைப் புதிதாக எழுத வேண்டும். இங்குச் சொற்பெயர்ப்பு உதவாது. பொருளை உணர்ந்து மீண்டும் யாத்தலே வேண்டும்.

பெயர்க்கும் முறை

இப்பணியில் ஈடுபடுவோர் கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கலாம்.

1. மூல ஆணை என்ன விடை தருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எழுதியவர் கருதியது ஒன்றாகவும் ஆணை தருவது மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். அவ்வாறாயின், எதனைக் காப்பது என்பதைப் பயன்படுத்துவோரிடம் கேட்டுத் துணிய வேண்டும்.

2. தரநிலைச் சொல் உள்ள இடத்தில் அதனையே ஆளுதல் வேண்டும். அடுத்த முறை மாற நேரின் அது கைகொடுக்கும்.

3. மரபாக விடப்பட்டவற்றை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். இன்மை எங்கே நிற்க வேண்டும், வகுத்தலில் பின்னம் வேண்டுமா, நாள் எந்த அமைப்பில் உள்ளது என்பனவற்றைச் சொல்லிவிட்டால் மயக்கம் தீரும்.

4. இரு தரவுத்தளங்களிலும் ஒரே தரவை இட்டு, இரு விடைகளையும் ஒப்பிடுதல் வேண்டும். நிரைகளின் எண்ணிக்கை ஒத்திருத்தல் மட்டும் போதாது. கூட்டுத்தொகையும் வரிசையும் ஒத்தல் வேண்டும். சோதனைத் தரவில் இன்மை, வெற்றுச் சரம், சம மதிப்பெண், ஆண்டிறுதி நாள், தமிழ்ப் பெயர் ஆகியன இடம்பெறுதல் நன்று.

இப்பணிக்குத் துணைசெய்யும் கருவிகளும் உள்ளன. ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குப் பெயர்க்க 'ஓராடூபிஜி' என்பதும், பல வழக்குகளுக்கிடையே பெயர்க்க 'எஸ்கியூஎல்குளாட்' என்பதும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பின்னது சொல்லுக்குச் சொல் மாற்றுவதன்று. ஆணையை உறுப்பு உறுப்பாகப் பகுத்து, அதன் அமைப்பை ஒரு மரவடிவில் கண்டு, அதினின்றும் புதிய வழக்கில் தொடரை ஆக்குகின்றது. பகுபத உறுப்பிலக்கணம் பயின்ற நம் மாணவர்க்கு இம்முறை அயலானதன்று. ஆயினும், ஓர் அட்டவணையில் இன்மை உண்டா இல்லையா, ஒரு நிரலில் இருப்பது முழு எண்ணா பின்னமா என்பன ஆணையின் எழுத்தில் இல்லை. அவற்றைத் தரவை அறிந்த மனிதரே காண வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தரவுத்தள ஆணைகளைப் பெயர்த்தல் என்பது அகராதி கொண்டு முடிக்கும் பணியன்று என்பது பெறப்படும். தெரியாத சொல்லைக் கணிப்பொறி உடனே காட்டிக் கொடுத்துவிடுகின்றது. தெரிந்த சொல் வேறு பொருள் தரும்போது அது வாளா இருக்கின்றது. பட்டியல் அழகாக அச்சாகி வரும். நடந்த தவறு எவர்க்கும் புலப்படாது. உரியவர்க்கு உரியது மட்டும் கிட்டாமற்போகும்.

மொழித்துறை மாணவர்கள் கணிப்பொறித் துறை தமக்கு அயலானது என ஒதுங்க வேண்டுவதில்லை. சொல்லும் பொருளும் எங்கே ஒத்துச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்று நுணுகி நோக்கும் பயிற்சி இங்கு நேரே பயன்படும். கணிப்பொறி பயிலும் மாணவர்களும் இலக்கண வகுப்பைப் பொழுதுபோக்காகக் கருதாது, பொருள் திரிபு நிகழும் இடங்களைக் காணும் கண்ணை அங்கே பெறுவார்களாக. ஓர் ஏழை மாணவியின் உதவித்தொகை ஒரு வகுத்தற் குறியில் அடங்கியிருக்கலாம். அக்குறியை ஒருமுறைக்கு இருமுறை நோக்குதல் பெயர்ப்போன் கடமையாகும்.